நாய்ப் பதிவேடும் நலப் பரிசோதனையும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவை அடுத்த கிண்ணியாப் பகுதியில், நீர்க்கரையை ஒட்டி அமைந்துள்ள ஊர் குறிஞ்சாக்கேணி. குறிஞ்சாக் கொடியும் கேணியும் கூடிப் பெயர் தந்த இவ்வூரைச் சூழ்ந்த நிலப்பரப்பு உழவும் மீன்பிடியும் கால்நடையும் கலந்த நிலப்பரப்பாகும். இத்தகைய நாட்டுப்புறத்தில் வயற்காவலுக்கும் மாட்டுப்பட்டிக் காவலுக்கும் நாய் இன்றியமையாத துணை. இரவில் பட்டியைச் சுற்றி வந்து, அயலான் ஒருவனின் காலடி ஓசை கேட்ட மாத்திரத்தில் குரல் எழுப்பும் அந்த நாய்க்குத் தாய் எது, தந்தை எது என்று எவரும் எழுதி வைப்பதில்லை. அதன் செவி கேட்கிறதா, கால் உறுதியாக உள்ளதா, மூச்சு சீராக வருகிறதா என்பவற்றையே பட்டிக்காரர் பார்ப்பர். செவி கேளாத நாயைக் காவலுக்கு வைப்பார் எவருமிலர்.

நகரத்திலோ நிலைமை வேறு. அங்கே இன நாய் ஒன்றை வாங்குபவருக்கு அழகிய சான்றிதழ் ஒன்று கிடைக்கும். நாயின் பெயர், பிறந்த நாள், நிறம், தாய் தந்தையர், பாட்டன் பாட்டியர் ஆகிய யாவும் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஆயின், அந்தக் குட்டிக்கு இரு செவியும் கேட்குமா, அதன் பெற்றோரின் இடுப்பு மூட்டுகள் நல்ல நிலையில் உள்ளனவா என்ற வினாக்களுக்கு அந்தச் சான்றிதழில் பெரும்பாலும் விடை இராது. பட்டிக்காரர் முதலில் கேட்கும் வினாவைப் பதிவேடு கேளாமலே விட்டுவிடுகிறது. இந்தக் குறை எவ்வாறு நேர்ந்தது, அதை நீக்கும் வழி யாது என்பன ஆராயத்தக்க வினாக்கள்.

நாயைப் பற்றி எழுதி வைக்கும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. தமிழ்நாட்டில் செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில் நாட்டப்பெற்ற நடுகல் ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்த அந்தக் கல், எருமை மந்தையைக் காக்கும் போரில் உயிர் நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்டது. வீரனுடைய உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். கள்வர் இருவரைக் கடித்து அது காவல் நின்ற செய்தியையும் கல்வெட்டு தனியே கூறுகின்றது. 1972இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்ட செங்கம் நடுகற்கள் பற்றிய நூலினால் இச்செய்தி பலரும் அறிய வந்தது. ஒரு நாயின் பெயரும் அது செய்த பணியும் ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகக் கல்லில் நின்று நிலவுகின்றன. அதன் நிறம் பற்றியோ குலம் பற்றியோ அந்தக் கல் ஒரு சொல்லும் கூறவில்லை.

இலங்கையில் நாய்களைப் பதிவு செய்யும் முறை ஆங்கிலேயர் ஆட்சியில் சட்ட வடிவம் பெற்றது. விசர்நாய்க் கடியினால் நேரும் நீர்வெறுப்பு நோயைத் தடுக்கும் பொருட்டு 1893ஆம் ஆண்டில் ஒரு கட்டளைச் சட்டமும், நாய்களை ஆண்டுதோறும் பதிவு செய்யும் பொருட்டு 1901ஆம் ஆண்டில் மற்றொரு கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டன. உள்ளூர் அதிகார சபையிடம் கட்டணம் செலுத்தித் தன் நாயைப் பதிவு செய்வது உரிமையாளரின் கடமையாயிற்று. எனினும், பெயரை எழுதிக் கட்டணம் பெற்றுக்கொள்வதனால் மட்டும் நோய் அகன்றுவிடவில்லை. 1973ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் அந்நோய்க்கு இரையாயினர். அதன் பின்னர் நாய்களுக்குப் பெருமளவில் தடுப்பூசி இடப்பட்டது. கடியுண்டோருக்கு உரிய சிகிச்சையும் நாடெங்கும் பரவியது. 2006ஆம் ஆண்டு முதல் தெருநாய்களைக் கொல்லும் வழக்கம் கைவிடப்பட்டுக் கருத்தடை முறை கைக்கொள்ளப்பட்டது. அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு ஐம்பதுக்கும் குறைவான உயிர்களே அந்நோயால் இழக்கப்படுகின்றன. பதிவேட்டோடு தடுப்பூசி என்னும் நலப்பணி சேர்ந்தபோதே பயன் விளைந்தது என்பது இவ்வரலாறு புகட்டும் பாடம்.

மூன்றாவது வகைப் பதிவேடே இங்கு முதன்மையாகக் கருதப்படுவது. அதுவே கென்னல் கிளப் எனப்படும் நாய்வளர்ப்போர் கழகங்களின் வமிசப் பதிவேடு. அதன் பிறப்பிடம் இங்கிலாந்து. 1859ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நியூகாசில் நகரில் நிகழ்ந்த காட்சியே முறைப்படி நடந்த முதல் நாய்க் கண்காட்சி எனக் கூறப்படுகின்றது. பொயின்டர், செற்றர் என்னும் வேட்டைத் துணை நாய்கள் மட்டுமே அதில் கலந்து கொண்டன. வென்றோருக்குத் துப்பாக்கி பரிசாக வழங்கப்பட்டது. வேட்டையில் நாய் காட்டும் திறமையே அக்காலத்தில் அதன் மதிப்பாக இருந்தது என்பதை அந்தப் பரிசே உணர்த்தும்.

பின்னர்க் கண்காட்சிகள் பெருகின. பெருகவே, குழப்பமும் மோசடியும் தலைகாட்டின. அவற்றை ஒழுங்கு செய்யும் நோக்கத்துடன் செவாலிஸ் ஷேர்லி என்பவரும் அவருடைய நண்பர்களும் 1873இல் கென்னல் கிளப்பை நிறுவினர். அடுத்த ஆண்டிலேயே முதல் வமிசப் பதிவேடு வெளிவந்தது. 1880இல் நாய்களின் பெயர்ப் பதிவு முறை தொடங்கியது. ஒரே பெயரைப் பல நாய்கள் தாங்கியிருந்தமையால் பரிசு பெற்றது எந்த நாய் என்பதை அறிய இயலாத நிலை ஏற்பட்டிருந்தது. அந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே பதிவு முறை வகுக்கப்பட்டது. ஒரு நாயை மற்றொரு நாயிலிருந்து வேறுபடுத்தி அறிவதே அதன் நோக்கம். நலம் என்ற எண்ணம் அதில் தொடக்கத்திலேயே இடம்பெறவில்லை. இன்றுவரை தொடரும் குறைக்கு இதுவே வித்து.

இந்த முறை ஆங்கிலேயரோடு உலகெங்கும் பயணம் செய்தது. இந்தியாவில் 1896இல் வடநாட்டில் தொடங்கிய கழகமே பின்னர் இந்திய கென்னல் கிளப்பாக வளர்ந்து, இன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு விளங்குகின்றது. ஐரோப்பாவில் ஐந்து நாடுகளின் கழகங்கள் 1911இல் ஒன்றுகூடி அனைத்துலகக் கூட்டமைப்பு ஒன்றை அமைத்தன. இலங்கையிலும் இன நாய்களைப் பதிவு செய்து கண்காட்சி நடத்தும் கழகங்கள் தோன்றி இயங்கி வருகின்றன. எங்கு சென்றாலும் பதிவேட்டின் இலக்கணம் மட்டும் மாறவில்லை. பதிவு பெற்ற தாய்க்கும் பதிவு பெற்ற தந்தைக்கும் பிறந்த குட்டி பதிவு பெறும்; ஏனையவற்றுக்குக் கதவு அடைபட்டிருக்கும்.

கதவடைத்த பதிவேட்டினால் விளையும் தீங்கை உணர, உயிரியல் விதி ஒன்றை அறிதல் வேண்டும். ஒவ்வொரு குட்டியும் ஒவ்வொரு பண்புக்கும் தாயிடமிருந்து ஒரு மரபணுவையும் தந்தையிடமிருந்து ஒரு மரபணுவையும் பெறுகின்றது. பரம்பரை நோய்கள் பலவற்றில், ஒன்று பழுதாயினும் மற்றொன்று அதன் பணியைச் செய்துவிடும், நோய் வெளிப்படாது. இரண்டுமே பழுதாயின் நோய் வெளிப்படும். நெருங்கிய உறவுடைய இரு நாய்கள் ஒரே பழுதைத் தம் பொதுவான முன்னோரிடமிருந்து பெற்றிருக்கக் கூடுமாதலால், அவற்றை இணைக்கும்போது பழுதும் பழுதும் சந்திக்கும் வாய்ப்பு மிகும். பரிசு பெற்ற ஒரே ஆண்நாயைத் தேடிப் பலரும் செல்லுகையில், சில தலைமுறைகளுள் அந்த இனம் முழுவதுமே ஒரு குடும்பமாகச் சுருங்கிவிடுகின்றது. பதிவேட்டில் பெயர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். அவற்றின் ஊற்றுகளோ மிகச் சில.

கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் நெல் விளைவிக்கும் உழவர் இவ்வுண்மையை வேறொரு வகையில் நன்கு அறிவர். விதைநெல் மூட்டையின் மீது நல்ல இனத்தின் பெயர் எழுதியிருப்பதைக் கண்டு அவர்கள் மனநிறைவு அடைவதில்லை. ஒரு பிடி நெல்லை நனைத்து, முளைகட்டிப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை முளைத்தன என்று எண்ணிய பின்னரே வயலில் இறங்குவர். பெயர் இனத்தைச் சொல்லும். முளை உயிரைச் சொல்லும். கென்னல் கழகங்களின் சான்றிதழ் இன்றைய நிலையில் பெயர் எழுதிய மூட்டையே அன்றி, முளை பார்த்த விதை அன்று.

இதற்கு வெளிநாடு சென்று உதாரணம் தேட வேண்டியதில்லை. விருதுநகர் மாவட்டத்து இராஜபாளையத்தின் பெயரால் வழங்கும் வேட்டை நாய் தமிழகத்தின் பெருமைகளுள் ஒன்று. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் முத்திரைகளுள் ஒன்றில் அதன் உருவம் இடம்பெற்றது. அந்த இனத்தின் இலக்கணம் பாலொத்த வெண்ணிறத்தையும், இளஞ்சிவப்பு மூக்கையும், பொன்னிறக் கண்களையும் சிறப்பாகக் கொண்டாடுகின்றது. நிறங்கொண்ட குட்டிகள் பிறப்பின் அவற்றைக் கழித்துவிடும் வழக்கம் முற்காலத்தில் இருந்ததாக வளர்ப்போர் கூறுவர். தூய வெண்மை என்ற ஒரே இலக்கை நோக்கி அந்த இனம் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டது.

அந்த வெண்மைக்கு ஒரு விலை உண்டு. கருவில் வளரும் குட்டியின் உடலில் நிறம் தரும் உயிரணுக்கள் முதுகெலும்புப் பக்கத்திலிருந்து புறப்பட்டு உடலெங்கும் பரவுகின்றன. தோலுக்கும் கண்ணுக்கும் செல்வது போலவே, செவியின் உட்பாகத்துக்கும் அவை செல்லுதல் வேண்டும். செவிக்குள் அவ்வுயிரணுக்கள் இல்லையெனில், ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் பிறந்த சில வாரங்களுக்குள் அழிந்துபோகும். பின்னர் அவை மீள்வதில்லை. நிறம் மிகக் குறைந்த நாய்களில் செவிட்டுத் தன்மை மிகுதியாகக் காணப்படுவதன் காரணம் இதுவே. இராஜபாளையம் குட்டிகளில், சிறப்பாக நீலக்கண் உடையவற்றில், செவிடு காணப்படுவதை வளர்ப்போர் நெடுங்காலமாகவே அறிவர். காவலுக்கும் வேட்டைக்கும் புகழ்பெற்ற ஓர் இனத்தை அதன் அழகிலக்கணமே செவிட்டை நோக்கி நடத்திச் செல்லுவது எண்ணிப் பார்க்கத்தக்க முரண்பாடு. எருமைக் கள்வரைக் கடித்து நின்ற கோவிவனுக்குக் கள்வரின் காலடி கேளாதிருந்தால் அந்த நடுகல்லில் அதற்கு இடமேது?

இரு செவியும் கேளாத குட்டியைக் கைதட்டியே கண்டுகொள்ளலாம். ஒரு செவி மட்டும் கேளாத குட்டியை அவ்வாறு அறிதல் அரிது. அது அழைத்தால் வரும், ஓசைக்குத் திரும்பும், வீட்டிலுள்ளோர் எவருக்கும் ஐயம் எழாது. ஆயின் அதனை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தினால் குறை அடுத்த தலைமுறைக்குச் செல்லும். தலையில் நுண்ணிய மின்முனைகளைப் பொருத்தி, ஒவ்வொரு செவியிலும் தனித்தனியே சிறு ஒலியெழுப்பி, மூளையில் எழும் மின்னலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை ஒன்றுண்டு. ஐந்து அல்லது ஆறு வாரக் குட்டிகளுக்கே அதனைச் செய்யலாம். முடிவும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். கண்ணுக்குப் புலனாகாத குறையைப் பரிசோதனை ஒன்றே காட்டிக்கொடுக்கும். அம்முடிவு பதிவேட்டில் ஏறாவிட்டால், அறிந்தவர் மறைக்கவும் அறியாதவர் ஏமாறவும் இடமுண்டு.

பரிசோதனைகள் இல்லாமையால் இக்குறை நேர்ந்தது என்று கூற முடியாது. இடுப்பு மூட்டுக் குழி சரியாகப் பொருந்தாமல் நாயை முடமாக்கும் நோயை எக்ஸ்ரே படத்தின் மூலம் மதிப்பிடும் திட்டம் பிரித்தானியாவில் 1965இல் தொடங்கியது. அமெரிக்காவில் அதே நோக்கத்துடன் ஒரு நிறுவனம் 1966இல் அமைக்கப்பட்டது. அறுபது ஆண்டுகளாகக் கருவி கையில் இருக்கின்றது. ஆனால் பெரும்பாலான இடங்களில் பரிசோதனை வளர்ப்பவரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. நல்ல முடிவை விளம்பரப்படுத்துவோரும், தீய முடிவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவோரும் ஒரே பதிவேட்டில் ஒரே மதிப்புடன் இடம்பெற்றனர். சுவீடன் நாட்டுக் கழகமோ வேறு வழியை மேற்கொண்டது. சில இனங்களில் பெற்றோரின் இடுப்பு நிலை அறியப்பட்டிருந்தாலன்றிக் குட்டிகளைப் பதிவதில்லை என விதித்ததோடு, முடிவுகளை எவரும் காணும்படி வெளியிட்டும் வந்தது. அங்கு பதிவேடே நலத்தின் காவலாயிற்று.

கழகங்கள் மாறுவதற்கு எத்துணைக் காலம் தாழ்த்தக்கூடும் என்பதற்கு டால்மேஷன் நாயின் வரலாறு சான்று. வெண்ணிற உடலில் கரும்புள்ளிகள் கொண்ட அந்த இனத்தில், பதிவு பெற்ற நாய் ஒவ்வொன்றும் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகும் பரம்பரைக் குறையுடன் பிறந்தது. அதனால் சில நாய்களுக்குச் சிறுநீர்ப்பாதையில் கல் அடைத்துப் பெருந்துன்பம் நேர்ந்தது. இனத்திற்குள் பழுதில்லாத மரபணுவே எஞ்சவில்லையாதலால், உள்ளேயே தேர்ந்தெடுத்துத் திருத்த வழியில்லை. 1973இல் றொபேட் ஷெய்பிள் என்னும் அமெரிக்க மரபியலறிஞர் ஒரு டால்மேஷனைப் பொயின்டர் நாயுடன் ஒருமுறை மட்டும் கலந்து, பிறந்த வழித்தோன்றல்களைத் தலைமுறைதோறும் மீண்டும் டால்மேஷனுடனேயே சேர்த்தார். ஐந்தாம் தலைமுறைக்குள் அவை தோற்றத்தில் டால்மேஷன்களாகவே விளங்கின. நல்ல மரபணுவும் அவற்றிடம் நிலைத்தது. 1981இல் அவற்றுள் இரண்டை அமெரிக்கக் கழகம் பதிவு செய்தது. இனத் தூய்மை கெடும் என்று வளர்ப்போர் எதிர்க்கவே அந்த வாயில் மூடப்பட்டது. பிரித்தானியாவில் 2010இலும் அமெரிக்காவில் 2011இலுமே அது மீண்டும் திறந்தது. ஒரே ஒரு கலப்பினால் தீரக்கூடிய துன்பத்தை முப்பது ஆண்டுகள் நீடிக்கச் செய்தது தூய்மை என்னும் சொல்.

எனினும், கழகங்கள் திருந்தவே மாட்டா என்று முடிவு செய்வதும் நேர்மையன்று. அழகுக்காக நாயின் காதை வெட்டிக் கூர்மையாக்கும் கொடிய வழக்கத்தை, அவ்வாறு வெட்டப்பட்ட நாய் போட்டியில் கலந்துகொள்ளலாகாது என்ற ஒரே விதியினால் இங்கிலாந்துக் கழகம் 1898இல் ஒடுக்கியது. ஆப்பிரிக்காவில் தோன்றிய பசென்ஜி என்னும் நாய் கொடிய சிறுநீரக நோயினாலும் குருதி நோயினாலும் நலிந்தபோது, அமெரிக்கக் கழகம் 1990இல் பதிவேட்டின் கதவைத் திறந்து, கொங்கோ நாட்டுக் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட நாய்களை ஏற்றுக்கொண்டது. வமிசச் சான்று ஒன்றுமில்லாத நாட்டுப்புற நாய்களே பதிவு பெற்ற நாய்களுக்குப் புத்துயிர் அளிக்க வந்தன. இந்த நிகழ்ச்சி ஆசிய நாடுகளின் கழகங்கள் ஆழ்ந்து கருதத்தக்கது.

2008ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பீ.பீ.சீ. நிறுவனம் ஒளிபரப்பிய ஒரு படம், வமிச நாய்களின் பரம்பரை நோய்களைப் பொதுமக்கள் முன் வைத்தது. மூளைக்குப் போதிய இடமில்லாத மண்டையோட்டினால் வேதனையுற்ற சிறு நாய்களைக் கண்ட மக்கள் திடுக்குற்றனர். பெரிய கண்காட்சியொன்றின் ஒளிபரப்பையே அந்நிறுவனம் அடுத்த ஆண்டில் கைவிட்டது. 2009இல் இங்கிலாந்துக் கழகம் தன் இன இலக்கணங்களைத் திருத்தியதோடு, தாய்க்கும் மகனுக்கும், தந்தைக்கும் மகளுக்கும், உடன்பிறந்தவற்றுக்கும் பிறந்த குட்டிகளைப் பதிவதில்லை எனவும் விதித்தது. 2010 ஜனவரியில் உயிரியலறிஞர் பற்றிக் பேற்சனின் ஆய்வறிக்கை வெளியாயிற்று. 2012ஆம் ஆண்டுக் கண்காட்சியில், நோய்க்கு இலக்கான பதினைந்து இனங்களில் முதலிடம் பெற்ற நாய்களை மிருக வைத்தியர்கள் சோதித்தபோது, ஆறு நாய்கள் தகுதியற்றவையாயின. நடுவர்கள் அழகு எனக் கண்டதை வைத்தியர்கள் நோய் எனக் கண்டனர்.

தாமே திருந்தாத கழகங்களுக்குச் சட்டமும் நீதிமன்றமும் வழிகாட்ட முற்படும். நோர்வே நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் 2023இல், இதய நோயினாலும் மூளை நரம்பு நோயினாலும் நலிந்த ஒரு சிறு நாயினத்தை அதே முறையில் பெருக்குவது விலங்கு நலச் சட்டத்துக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. இந்தியாவில் 2017இல் வந்த மத்திய அரசின் விதிகள், பதினெட்டு மாதம் நிறையாத நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தலாகாது எனவும், ஒரு பெட்டை நாய் வாழ்நாளில் ஐந்து முறைக்கு மேல் ஈனச் செய்தலாகாது எனவும் வரையறுத்தன. 2024இல் தமிழ்நாடு அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டபோது, அதனை எதிர்த்து இந்திய கென்னல் கிளப் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. இரு தரப்பிலும் நியாயங்கள் இருக்கலாம். ஆனால் பதிவேடு தானே நலத்தைக் காத்திருப்பின், வழக்கு மன்றம் வரை செல்லும் நிலை எழுந்திராது.

கழகங்கள் தம் பக்கத்தில் கூறும் காரணங்களும் கேட்கத்தக்கவையே. விதிகள் கடுமையானால் வளர்ப்போர் பதிவையே விட்டு விலகி, எந்த விதிக்கும் கட்டுப்படாத சந்தையில் குட்டிகளை விற்பர் என்பது அவற்றுள் ஒன்று. பரிசோதனைக்குப் பணம் வேண்டும். சிற்றூரில் இரண்டு நாய் வளர்ப்பவர் அதைத் தாங்கமாட்டார் என்பது மற்றொன்று. பழுதான மரபணு உடைய நாய்களையெல்லாம் விலக்கினால், ஏற்கெனவே சுருங்கிய இனம் மேலும் சுருங்கும் என்பது மூன்றாவது. இம்மூன்றும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல.

முதற் காரணத்துக்கு விடை சான்றிதழின் மதிப்பிலேயே உள்ளது. மக்கள் பணம் கொடுத்துச் சான்றிதழுடைய குட்டியை வாங்குவது அதில் வைத்த நம்பிக்கையினாலேயே ஆகும். அந்த நம்பிக்கைக்கு உரிய நலக்குறிப்பைச் சேர்க்கும் கழகத்தின் சான்றிதழ் சந்தையில் உயரும். சேர்க்காத கழகத்தின் சான்றிதழ் காலப்போக்கில் வெறுந்தாளாகும். இரண்டாவது காரணத்துக்கு, கழகங்கள் மிருக வைத்தியக் கல்லூரிகளோடு கைகோத்தல் வழியாகும். சென்னையில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் பேராதனையில் மிருக வைத்திய பீடமும் உள்ளன. கண்காட்சி நாள்களிலேயே குறைந்த கட்டணத்தில் பரிசோதனை நடத்தலாம். பதிவுக் கட்டணத்தின் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்கலாம். மூன்றாவது காரணம் அறிவியலுக்கு இசைந்ததே. பழுதான மரபணு ஒன்றை மட்டும் தாங்கிய நாயை விலக்க வேண்டியதில்லை. அதைப் பழுதில்லாத துணையுடன் சேர்த்தால் நோயுற்ற குட்டி பிறவாது. ஆனால் எது பழுதுடையது, எது பழுதற்றது என அறியவேனும் பரிசோதனை வேண்டுமன்றோ?

ஆகவே, கழகங்கள் செய்யத்தக்க சீர்திருத்தங்கள் சில தெளிவாகவே புலப்படுகின்றன. முதலாவதாக, ஒவ்வோர் இனத்துக்கும் உரிய பரிசோதனைகளை வரையறுத்து, நல்லதாயினும் தீயதாயினும் அவற்றின் முடிவைப் பெயரோடும் வமிசத்தோடும் பதிவேட்டிலேயே எழுதி, வாங்குவோர் காணும்படி வைத்தல் வேண்டும். அடுத்து, ஒரு நாயின் முடிவை மற்றொரு நாய்க்குக் காட்டும் ஏமாற்று நேராதபடி, தோலின் கீழ்ப் பொருத்தும் மைக்ரோசிப் இலக்கத்தோடு அம்முடிவை இணைத்தல் வேண்டும். நெருங்கிய உறவில் பிறந்த குட்டிகளைப் பதியாமையும், ஒரே ஆண்நாயை அளவின்றிப் பயன்படுத்துவதற்கு எல்லை வகுத்தலும் அவற்றைத் தொடர்தல் வேண்டும். நோயைத் தூண்டும் இன இலக்கணங்களைத் திருத்தி, நிறங்கொண்ட இராஜபாளையம் குட்டிக்கும் மதிப்பளித்தல் மற்றொரு கடமை. இறுதியாக, சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலிய நாட்டு இனங்களைப் பதிவேட்டில் ஏற்கும்போது கதவை அடியோடு அடைத்துவிடாமல், ஊர்களில் வாழும் நலமிக்க நாய்களைத் தேர்ந்து சேர்க்க ஒரு வாயிலைத் திறந்து வைத்தல் இன்றியமையாதது. மேலைநாடுகள் இனங்களைச் சுருக்கிய பின்னர் வருந்தின. இந்நாடுகள் சுருங்குமுன்பே விழித்துக்கொள்ளலாம்.

இச்சீர்திருத்தங்களினால் கழகங்களின் பெருமை குன்றாது. வமிசத்தைப் பேணுதல் என்பது முன்னோரின் பெயர்களை மனப்பாடம் செய்வதோடு முடிவதன்று. வருங்காலக் குட்டி துன்பமின்றி மூச்சு விடவும், ஓடவும், கேட்கவும் வழிசெய்வதும் அதனுள் அடங்கும். பேசும் ஆற்றலற்ற உயிர் தன் நோயைத் தானே எழுதிக்கொள்ள மாட்டாது. அதற்காக எழுத வேண்டிய பொறுப்பைப் பதிவேட்டை வைத்திருப்போரே ஏற்றுள்ளனர்.

குறிஞ்சாக்கேணியைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தில் பட்டிக்காரர் தம் நாயிடம் எதிர்பார்ப்பது மிகச் சிறிது. அது கேட்கவேண்டும், ஓடவேண்டும், விழித்திருக்கவேண்டும். எடுத்தனூர்க் கல்லில் நிற்கும் கோவிவனும் அவ்வளவே செய்தது. அதனாலேயே அதன் பெயர் நிலைத்தது. நாட்டுப்புறத்து எளிய உழவனும் பழங்காலச் சிற்பியும் அறிந்திருந்த இந்த உண்மைக்குத் தம் அழகிய சான்றிதழ்களில் ஒரு வரி இடம் அளிக்குமாறு கழகங்கள் தம் விதிகளைத் திருத்துமாயின், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு பெயர்க் குழப்பம் தீர்க்கப் பிறந்த பதிவேடு உயிர்களின் துயர் தீர்க்கும் பதிவேடாக வளரும்.